மூன்று வருட ஓட்டை

ஷோபாவின் பயோடேட்டாவில் ஓர் ஓட்டை இருந்தது. ஜூன் 2019-ல் தொடங்கி ஆகஸ்ட் 2022-ல் முடிகிற ஓட்டை. ஏழு கம்பெனிக்காரர்கள் அதில் எட்டிப் பார்த்தார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கி, "இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "அப்பாவுக்குப் பக்கவாதம், வீட்டுல இருந்து பார்த்துக்கிட்டேன்" என்றதும், "சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

எட்டாவது, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வரவேற்பு மேஜை வேலை. தங்க ஹாஸ்டல் உண்டு. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. ஷோபா முப்பதைத் தொட இருபத்திரண்டு நாள் பாக்கி.

தம்பி கிளமென்டுக்கு அடுத்த மாதம் கல்யாணம். புத்தலப்பட்டு வீட்டில் இருப்பது இரண்டே அறை. "நீ எங்கியும் போவ வேணாக்கா" என்று கிளமென்ட் சொல்லத்தான் செய்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். அது போதும். இந்த வேலை கிடைத்தால் அவளுக்கு ஓர் இடம். கிடைக்காவிட்டால் தம்பி வீட்டில் ஒரு மூலை.

சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாராயணசாமியின் ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பயோடேட்டா எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் அடிப்பார். அவர் கை பட்டால் வேலை கிடைக்கும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு.

ஷோபா நீட்டிய காகிதத்தை நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, பயோடேட்டாவா, கல்யாண வூட்டு மெனுவா? மூணு பக்கம் போவுது."

"எல்லாத்தையும் போடணும்ல அண்ணா."

"பாக்கறவன் ஆறு செகண்டு பாப்பான். ஒரே பக்கம், அதுக்கு மேல கூடாது. 'ஹானஸ்ட், சின்சியர், ஹார்டு ஒர்க்கிங்'... திருடன் கூட இதத்தான் போடறான், எடு. ஹாபி கார்டனிங்கா? உங்க வூட்ல தோட்டம் கீதா?"

"ஒரு முருங்க மரம் கீது."

"அது ஹாபி இல்லமா, கொழம்பு. எடு." நாராயணசாமி பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். "இன்னா செஞ்சன்னு எழுதணும். எத்தினி பேருக்கு செஞ்ச, எத்தினி வருஷம் செஞ்ச, அதைச் சொல்லணும். கேக்கற வேலைக்கு ஏத்தா மாதிரி சொல்லணும். ஆஸ்பத்திரின்றியே, ஜனங்கள கவனிச்சதா ஏதாச்சும் கீதா?"

ஷோபா வாயைத் திறந்தாள். படுக்கையில் கிடந்த அப்பா, அவளுடைய நைனா, நினைவுக்கு வந்தார். அதைப் போய் யாராவது வேலை என்று எழுதுவார்களா? வாயை மூடிக்கொண்டாள்.

நாராயணசாமி புதிதாக எதையும் அடிப்பதில்லை. பழைய ஆள் ஒருவருடைய ஃபைலைத் திறப்பார். பெயரை அழித்துப் புதுப் பெயர், ஊரை அழித்துப் புது ஊர். அரை மணியில் ஆளே மாறிவிடுவான். "எப்பிடி தொடைச்சாலும் பழைய ஆளு எங்கியாச்சும் மிச்சம் நிப்பான்மா. போன மாசம் ஒரு பையன், கல்யாணமே ஆவல, பிள்ளைங்க ரெண்டுன்னு போட்டுக்கினு இண்டர்வியூக்கே போய்ட்டான்."

ஷோபா சிரித்தாள். திரையில் யாரோ ஒருத்தியின் பயோடேட்டா ஷோபாவாக மாறிக்கொண்டிருந்தது. பெயர் மாறியது. தந்தை பெயர் கிருபானந்தம் என்று மாறியது. படிப்பு பி.காம். என்று மாறியது. கடைசியில் ஒரே ஒரு பத்தி மிச்சம். நாராயணசாமி அதை அழிக்க விரலைத் தூக்கினார்.

"இருங்கண்ணா."

ஷோபா குனிந்து படித்தாள். ஜூன் 2019 முதல் ஆகஸ்ட் 2022 வரை, திருப்பதியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பாளர். அறுபது அறைகள். விசாரிக்க வேண்டுமானால் மேனேஜர் நம்பர்.

அதே மாதம், அதே வருடம், அதே வேலை. அவளுடைய ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்த ஒட்டு மாதிரி இருந்தது.

"இது இருக்கட்டும்."

நாராயணசாமி திரும்பி அவளைப் பார்த்தார். "இது சந்தியான்னு ஒரு பொண்ணுதுமா. அடிச்சிக் குடுன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்பறம் வந்து வாங்கிக்கவே இல்ல. மூணு வருஷமாவுது."

"அவங்கதான் வரலியே. இருக்கட்டும்."

"மேனேஜருக்கு போன் போட்டாங்கன்னா?"

"எல்லாருக்கும் போடவா போறாங்க?"

அவர் மவுஸைத் தட்டினார். தட்டிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ச்சே. தனியா சேவ் பண்ணணும்னு நெனச்சேன், பழைய ஃபைல் மேலயே சேவ் ஆய்டுச்சு. அந்தப் பொண்ணோடது போச்சு."

பிரிண்டர் ஒரே ஒரு பக்கத்தைத் துப்பியது. கடைசியில் வழக்கமான வாசகம்: மேலே கண்ட அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். கீழே கோடு. ஷோபா கையெழுத்துப் போட்டாள். காகிதம் பிரிண்டர் சூட்டில் இருக்க வேண்டும். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தது போல ஜில்லென்று இருந்தது.

*

வியாழக்கிழமை இண்டர்வியூவுக்கு அழைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் ஆள் எடுக்கும் பிரிவில் சுரேஷ்பாபு என்பவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சாந்தமான மனிதர். "கூர்சோண்டி மேடம்" என்று நாற்காலியைக் காட்டினார். அவள் பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தார். ஆறு செகண்ட் இல்லை, ஒரு நிமிடம் பார்த்தார். பார்த்துவிட்டு மேஜை போனை எடுத்து, அதிலிருந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

 முடிந்தது கதை. 'அப்படி யாரும் இங்க இல்ல' என்று ஒரு குரல் சொல்லும். எழுந்து போக வேண்டியதுதான். ஷோபா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஷோபாவா? தெரியாம என்ன?" என்றது போன். "மூணு வருஷம் எங்க கவுண்டர்ல இருந்த பொண்ணு. நல்ல பொண்ணு சார். அந்தப் பதினாலாம் நம்பர் ரூம் விவகாரத்துல போலீஸ் வந்தப்பவும் பதறாம நின்னுச்சு."

போன் வைக்கப்பட்டது.

"பதினாலாம் நம்பர்ல என்னாச்சு மேடம்?" என்றார் சுரேஷ்பாபு.

அந்தக் கெஸ்ட் ஹவுஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட ஷோபாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு மழை சார்" என்று அவள் வாய் சொன்னது. "பெரியவர் ஒருத்தர் தனியா தங்கியிருந்தார். நெஞ்சுவலி. காலையிலதான் பார்த்தோம்."

சொல்லச் சொல்லக் கண் முன்னால் விரிந்தது. பித்தளை வில்லையில் 14 என்று பொறித்த சாவி. கவுண்டர் ஓரம் சொட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குடை. சாயங்காலம் நாலு மணி. இண்டர்காம் அடிக்கிறது, பதினாலாம் நம்பர். காலையிலிருந்து பத்துத் தடவை சுடுதண்ணி கேட்டுத் தொல்லை கொடுத்த கிழவர். அடிக்கட்டும் என்று அவள் மொபைலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மணியோசை ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது கிழவர் தரையில். ரிசீவர் அவர் கையில்.

அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்?

"பாவம்" என்றார் சுரேஷ்பாபு. "திங்கக்கிழமை ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்க. ஜாயினிங் ஃபாரத்துல ஒரு கையெழுத்து, அவ்ளோதான். வேலை உங்களுக்குத்தான் மேடம்."

பஸ்ஸில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில், நைனாவுக்குக் கஞ்சி வடிக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று உண்டு, முந்திரிக்கொட்டை வடிவத்தில்.

மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

*

"கிளமென்ட், நைனா கடைசியா இன்னாடா துன்னாரு?"

கிளமென்ட் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எனுக்கு எப்பிடிக்கா தெரியும்? நான் மெட்ராஸ்ல வேல செஞ்சிக்கினு இருந்தேன். சந்தியாவத்தான் கேக்கணும்."

ஷோபா வாசற்படியில் அப்படியே நின்றாள். "எந்த சந்தியா?"

"நைனாவ பாத்துக்கினு இருந்துதே, அது. இன்னாக்கா ஆச்சு ஒனுக்கு? நீதான் திருப்பதி லாட்ஜுல இருந்தியே. மாசத்துக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவ." துணியை உதறினான். "சும்மா சொல்லக் கூடாது, சொந்தப் பொண்ணு கூட அப்பிடிப் பாக்காது."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல்.

உள்ளே போய் நைனாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி யோசித்தாள். அவரைப் பார்த்துக்கொண்டவள் நான்தான், அது தெரியும். வாய்ப்பாடு தெரிவது போலத் தெரியும். ஆனால் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தபோது கையில் உணர்ந்த கனம்? தெரியவில்லை. வாய் கோணியிருந்தது எந்தப் பக்கம்? தெரியவில்லை. மூன்று வருடத்தைத் தேடி உள்ளே போனால் அறுபது சாவிகள் தொங்கும் பலகைதான் வந்தது. அதில் பதினாலாவது சாவி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய இடி ஒன்று காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கு மூன்றாம் வருட நினைவு ஆராதனை. அவர்கள் சபையில் பழைய மிஷன் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவர், இறந்தவர் சொன்ன கடைசி வார்த்தையை மூன்று வருடம் நெஞ்சுக்குள் வைத்திருக்க வேண்டும். வீட்டு ஆட்களிடம்கூட வாய் திறக்கக் கூடாது. மூன்றாம் வருட ஆராதனையில் எழுந்து சபைக்குச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைத்தான் கல்லறைக் கல்லில் வெட்டுவார்கள்.

மூன்று வருடம் பேச்சில்லாமல் கிடந்த நைனா கடைசி நாளில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். அதைக் கேட்டவள் உலகத்திலேயே ஷோபா ஒருத்திதான்.

அது என்ன வார்த்தை என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

நாராயணசாமிக்குப் போன் போட்டாள். "அண்ணா, அந்த ஃபைல அழிச்சிடுங்க. இப்பவே."

"அழிச்சிடறேன். ஆனா அதனால இன்னா பிரயோசனம்மா? உண்மைன்னு நீ கையெழுத்து போட்டுக் குடுத்த காயிதம் எங்க கீதோ, அங்கதான அது நிக்கும்?" அவருக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தணிந்த குரலில் கேட்டார். "பாப்பா, அந்தப் பொண்ணு இன்னிக்கி கடைக்கி வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சி. என் பயோடேட்டா இனிமே வேணாம்னு சொல்லிட்டு, சிரிச்சிக்கினே போச்சு. நீ அதுகிட்ட ஏதாச்சும் பேசினியா?"

*

ஞாயிறு காலை, சித்தூரில் அவர்கள் சபைக் கோயில். ஷோபா முதல் பெஞ்சில் கிளமென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்து சபைப் போதகரான ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிருபானந்தம் ஐயாவோட கடைசி வார்த்தையைக் கேட்டவங்க எழுந்து சொல்லணும். சந்தியா, வந்திருக்கியாம்மா?"

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். ஷோபாவின் வயதுதான். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. சபை மொத்தமும் அவளை அன்போடு திரும்பிப் பார்த்தது. வெகுநாள் தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை.

அவள் வாயைத் திறந்தாள். ஷோபா பெஞ்சின் விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டாள். சொல்லிவிட்டால் போதும், யார் வாயிலிருந்து வந்தால் என்ன.

சந்தியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்லு வைக்கிற அன்னைக்கு சொல்றேன் ஐயரே. இப்ப முடியல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் குஸ்கா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சந்தியா அங்கே இல்லை. கல்லறைத் தோட்டத்தில், நைனாவின் கல் இல்லாத மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேட்டின்மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள்.

"நீ யாரு?" என்றாள் ஷோபா.

"ஒனுக்குத் தெரியும்க்கா." சந்தியா நிமிராமல் புல்லைப் பிடுங்கினாள். அவளுடைய இடது மணிக்கட்டில் முந்திரிக்கொட்டை வடிவத்தில் ஒரு தழும்பு. "நான் ஆஸ்டல்ல வளந்தவ. அம்மா யாரு, நைனா யாருன்னு தெரியாது. போன வாரம் வரைக்கும் எனுக்கு நைனா இல்ல. இப்ப இருந்துருக்காரு."

"அவரு என் நைனா."

"மூணு தட்டு தட்டுனா தண்ணி. ரெண்டு தட்டுனா திருப்பிப் படுக்க வைக்கணும். கஞ்சில உப்பு கம்மின்னா கண்ண மூடிக்குவாரு, துன்ன மாட்டாரு. வெளிய மழ பேஞ்சா ஜன்னல தொறன்னு கண்ணால காட்டுவாரு." சந்தியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துக் காட்டுகிறவள் போலச் சொன்னாள். "எதாச்சும் ஒண்ணு ஒனுக்கு ஞாபகம் கீதாக்கா?"

ஷோபா வழவழத்த மணிக்கட்டைத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒனுக்கு இன்னா ஞாபகம் கீதுன்னு நான் சொல்லட்டா? பதினாலாம் நம்பரு. மூணு தடவ அடிச்ச மணி." சந்தியா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "அது என்னோடது. மூணு வருஷமா ஒரு வேலைக்கும் போவாம, போன் அடிச்சா காத மூடிக்கினு கெடந்தேன். அந்த பயோடேட்டாவ வாங்கக்கூட போவல. அந்த வரியப் படிக்கத் தெம்பு இல்ல. இப்ப அது எனுக்கு ஏதோ எவளோ சொன்ன கத மாதிரி இருக்குது. நல்லா தூங்கறேன்க்கா."

"எனக்கு அவரோட கடைசி வார்த்தையச் சொல்லு. போதும். மத்தத நீயே வச்சிக்க."

"ஊஹூம். அதச் சொன்னா எல்லாம் ஒங்கிட்டயே திரும்பிப் போய்டும்." சந்தியா எழுந்து புடவையைத் தட்டினாள். "நானா திருடுனேன்? நீதான வேணான்னு எடுத்துப் போட்ட. ஓட்டைன்னு சொன்னியாமே அத. நாளைக்கி கையெழுத்து போட்டுடுக்கா. வேல ஒனுக்கு, நைனா எனுக்கு. யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் போன பிறகும் ஷோபா நின்றுகொண்டிருந்தாள். மேட்டின்மேல் தம்ளர் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. வெயிலில்தான் குறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தம்ளரின் விளிம்பில் ஈரம் இருந்தது.

*

திங்கள் காலை பத்து மணி. திருப்பதி ஆஸ்பத்திரியின் முன்கூடம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்கான நாற்காலி. எதிர் பெஞ்சில் சந்தியா உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு வந்த?"

"நீ கையெழுத்து போடறத பாக்க." சந்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டுடுக்கா. ஒன் கால்ல வேணா உழறேன்."

ஷோபா கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுரேஷ்பாபு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஜாயினிங் ஃபாரம். அதன்மேல் அவளுடைய ஒற்றைப் பக்க பயோடேட்டா. ஹாஸ்டல் அறைச் சாவிகூட மேஜையில் இருந்தது. அதன் வில்லையில் இருந்த எண்ணை ஷோபா பார்த்தாள். பதினாலு.

"இதுல ஒண்ணு, இதுல ஒண்ணு" என்று பேனாவைக் கொடுத்தார்.

ஷோபா பேனாவை வாங்கினாள். கிளமென்ட் ஜன்னலைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஏழு பேர் பிதுக்கிய உதடு நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு நாளில் இப்போது பன்னிரண்டு மிச்சம். கோட்டின்மேல் பேனாவை வைத்தாள். எங்கேயோ தூரத்தில் இண்டர்காம் அடித்தது, அவள் தலைக்குள். ஒன்று. இரண்டு.

இந்த மணியை இனி ஒவ்வொரு நாளும் அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்கலாம். வாழ்நாள் முழுக்கக் கேட்கலாம். அதற்கு விலையாக, மூன்று தட்டு தட்டினால் தண்ணீர் கொடுத்தவள் யாரோ ஒருத்தியாகிவிடுவாள். நைனாவின் கல்லில் யாரோ ஒருத்தி சொன்ன வார்த்தை இருக்கும்.

பேனாவை ஃபாரத்திலிருந்து எடுத்தாள். பயோடேட்டாவை இழுத்தாள். கெஸ்ட் ஹவுஸ் பத்தியின்மேல் ஒரு கோடு போட்டாள்.

"மேடம், ஏமி செஸ்துன்னாரு, என்ன பண்றீங்க?" சுரேஷ்பாபு பதறிப்போய் எழுந்தார்.

"இது பொய் சார். நான் அங்க வேலை செய்யல. ஒரு நிமிஷம் குடுங்க, உண்மைய எழுதிடறேன்."

இடம் குறைவாக இருந்தது. ஓரத்தில் எழுதினாள். நாராயணசாமி சொன்னது போலவே, என்ன செய்தாள், எத்தனை பேருக்குச் செய்தாள் என்று எழுதினாள். 'ஜூன் 2019 முதல் ஆகஸ்ட் 2022 வரை, புத்தலப்பட்டு, எங்கள் வீடு. பக்கவாதம் வந்த ஒரே ஒரு நோயாளி, என் நைனா.'

அந்த வரியை முடித்ததும் மூக்கில் டெட்டால் வாசனை ஏறியது.

'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைத்தேன்.' தோளில் ஒரு கனம் இறங்கியது. எலும்பும் சூடுமாக, அவருடைய கனம்.

'தினமும் ஆறு வேளை மருந்து. ஒரு வேளைகூடத் தவறியதில்லை. படுக்கைப் புண் வரவிடவில்லை.' இடது பக்கம். வாய் கோணியிருந்தது இடது பக்கம்.

'பேச முடியாதவருக்கு வேண்டியதைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.' இடது மணிக்கட்டு சுரீரென்று எரிந்தது. பேனா விழப் பார்த்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தோல் சிவந்து, சுருங்கி, முந்திரிக்கொட்டை வடிவத்தில் மேலெழும்புவதைக் கண்ணால் பார்த்தாள்.

கீழே, 'அனைத்தும் உண்மை' என்ற வாசகத்தின் அடியில் பழைய கையெழுத்தை அடித்துவிட்டுப் புதிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது வந்தது. ஆகஸ்ட் மாதத்து மத்தியான வெயில், கட்டில், கஞ்சிக் கிண்ணம். இரண்டு வாய் வாங்கிக்கொண்ட நைனா மூன்றாவது வாயைக் கையால் தள்ளிவிட்டு, அவள் பக்கம் கிண்ணத்தை நகர்த்தி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக உதடு பிரித்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"துன்னியா?"

ஷோபா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

சுரேஷ்பாபு அந்தக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "இத முதல்லயே எழுதியிருந்தா நானே சண்டை போட்டு வாங்கிக் குடுத்துருப்பேன் மேடம்" என்றார் மெதுவாக. "இப்ப முடியாது. பொய் எக்ஸ்பீரியன்ஸ்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் ரிப்போர்ட் எழுதணும். அந்த மேனேஜர் எதுக்குப் பொய் சொன்னார்னுதான் அர்த்தமாகல."

அவர் எதிரிலேயே மறுபடி அந்த நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் அதே குரல். "ஷோபாவா? அப்படி யாரும் இங்க இருந்ததில்லையே சார். சந்தியான்னு ஒரு பொண்ணுதான் இருந்துச்சு."

ஷோபா சர்ட்டிஃபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலை போய்விட்டது. இடமும் போய்விட்டது. கல்லறையில் வெட்ட ஒரு வார்த்தை இருக்கிறது. கால்கள் தரையில் பட்டு நடந்தன.

பெஞ்சில் சந்தியா அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எதிரில் வந்து நின்ற ஷோபாவை, வழி கேட்க வந்த அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மடியில் கிடந்த இடது மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

"சந்தியா."

"யாருங்க நீங்க?" குரல் வறண்டிருந்தது. "நான் எதுக்கு இங்க வந்தேன்னு தெரியலங்க. ஒரே தலவலி."

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள் ஷோபா. யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவள் போய்விட்டாள். வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது காலி நாற்காலிக்கு முன்னால், வரவேற்பு மேஜையின் இண்டர்காம் அடித்தது.

முதல் மணி. முன்கூடத்தில் யாரும் அசையவில்லை. ஷோபா வாசலில் நின்று திரும்பினாள். சந்தியா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குறுகியது.

பிறகு அவளுடைய இடது கை மட்டும் காதிலிருந்து விலகியது. தானாக விலகியது. பெஞ்சுப் பலகையில் மெல்லத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் கையை அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

எப்படித் துடைத்தாலும் பழைய ஆள் எங்கேயாவது மிச்சம் நிற்பான்.

இரண்டாவது மணி முடிவதற்குள் சந்தியா எழுந்துவிட்டாள். ஓடிப்போய், யார் மேஜை என்று பார்க்காமல், ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். உள்ளறைக் கதவில் வந்து நின்ற சுரேஷ்பாபு அவளைத் தடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

மறுமுனையில் என்ன கேட்டார்களோ தெரியாது.

"இதோ எடுத்துக்கினு வரேன் நைனா" என்றாள் சந்தியா. "சுடுதண்ணிதான? ரெண்டு நிமிஷம், கண்ண மூடிடாத."